காதைப் பொத்திக்கொண்டு ஒரு கார் ரேஸ்

எங்கள் வீட்டில் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் பத்து வயது வித்தியாசம். பெரியவளுக்கு ஐந்து வயதானபோதும் கார் ரேஸ் பார்க்க அழைத்துப் போனோம். சின்னவனுக்கு ஐந்து வயதானபோதும் அழைத்துப் போனோம். முதல் தடவை நான் செய்த தப்பை இரண்டாம் தடவை செய்யவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரேஸ் பைத்தியம் என் கணவருக்குப் பரம்பரைச் சொத்து. மாமனார் அந்தக் காலத்தில் இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சோழவரம் போவாராம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று 1953-ல் தொடங்கிய சங்கத்தார் அங்கேதான் பல வருஷம் பந்தயம் நடத்தினார்கள். வெயிலும் புழுதியுமாக, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜனங்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் போவார்களாம். 1980-களில் விஜய் மல்லையா ஃபார்முலா 1 வண்டி ஒன்றையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அந்தச் சத்தத்தைப் பற்றி இவர் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். அவ்வளவு நேரம் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு மகள் பிறந்து, நடந்து, பேச ஆரம்பித்ததும் சும்மா இருக்க முடியுமா? 2015-ல் நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். அங்கே ஒரு பந்தயம். "ஏம்மா, குழந்தையையும் கூட்டிட்டுப் போகலாமே" என்றார். எனக்கும் ஆசைதான். காலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, குழந்தைக்கு நல்ல கவுன் போட்டு, காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கிளம்பினோம். பஞ்சு வைத்ததில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. எவ்வளவு முன்யோசனை என்று!

"பக்கத்துலேருந்து பார்த்தாத்தான் குழந்தைக்குத் தெரியும்" என்று வேலி ஓரமாகவே போய் நின்றோம். முதல் வண்டி போனதும் அவள் வீறிட்டு அழுதாள். பிறகு பழகிவிட்டது. கைகூடத் தட்டினாள். பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மூன்று மணி நேரம் இருந்தோம்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்போது, "அம்மா, காதுக்குள்ள தேனீ இருக்கும்மா" என்றாள். பூச்சி ஏதாவது புகுந்துவிட்டதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை சமையலறையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டும் வரவில்லை. விளையாட்டு மும்முரம் என்று நினைத்து ஒரு அதட்டல்கூடப் போட்டேன். பிறகு பார்த்தால் டி.வி. சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

காது டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "எங்கே போயிருந்தீங்க?" சொன்னேன். "பஞ்சு வெச்சிருந்தேன் டாக்டர்." அவர் சிரிக்கவில்லை. "பஞ்சு சத்தத்தைத் தடுக்காதும்மா. வெச்சதும் ஒண்ணுதான், வெக்காததும் ஒண்ணுதான்" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் நத்தைக் கூடு மாதிரி ஒரு படம் போட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் பத்தாம் வகுப்பில் படித்த பாடம்தான், ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

உள்காதில் நத்தை வடிவத்தில் ஒரு உறுப்பு. அதற்குள் மயிரிழைபோன்ற நுனிகள் கொண்ட செல்கள், ஒரு காதில் சுமார் 15,000. சத்தம் வந்தால் காற்றில் நெற்பயிர் ஆடுவதுபோல் அவை ஆடும். அந்த ஆட்டந்தான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. பெருஞ்சத்தம் வந்தால் புயலில் பயிர் சாய்கிற மாதிரி சாய்ந்துவிடும். ஓய்வு கிடைத்தால் சில நிமிர்ந்துகொள்ளும். அதுவரை காது அடைப்பு, ரீங்காரம். சில நிமிராமல் செத்துப்போகும். செத்தது செத்ததுதான். தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும், இவை மறுபடி முளைப்பதில்லை.

"குழந்தைகளுக்குக் காதுக் குழாய் சின்னது. அதனால அதே சத்தம் அவங்க காதுக்குள்ள இன்னும் அழுத்தமாப் போய் இறங்கும். நமக்குத் தாங்கறது அதுங்களுக்குத் தாங்காது" என்றார்.

பெரியவளுக்கு ஒன்றரை நாளில் ரீங்காரம் நின்றது. இரண்டு வாரம் கழித்துச் செய்த கேட்கும் திறன் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. கூடவே, "நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று டாக்டரம்மா இவரையும் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார். இவருக்கு இடது காதில் மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. லேத் பட்டறையில் வேலை பார்த்த வருஷங்கள் காரணமா, மாமனாரின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த சோழவரம் காரணமா, யார் கண்டது? 'நான் சொல்வது எதுவும் இவர் காதில் ஏறாது' என்று ஊரெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவளுக்கு இப்போது பதினைந்து வயது. காது நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் கூப்பிட்டு உடனே பதில் வராவிட்டால் இன்றைக்கும் எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்று ஆகும். பாதி நாள் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள், அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் ரேஸ் என்ற பேச்சே இல்லை. சென்னைக்கு வந்து சேர்ந்தோம். சின்னவன் பிறந்தான். 2024 ஆகஸ்டு 31-ம் தேதியும் செப்டம்பர் 1-ம் தேதியும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கார் பந்தயம் நடந்தது அல்லவா? 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. ராத்திரி நேரம், பெருங்கூட்டம், நாலு வயதுப் பிள்ளை என்று நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். வீட்டிலேயே டி.வி.யில் பார்த்தார்கள். நாங்கள் கடற்கரைக்குப் போகும்போது தாண்டுகிற நேப்பியர் பாலத்தின்மேல் வண்டிகள் சீறிப் பாய்ந்ததைப் பார்த்த சின்னவன் சோபாவிலிருந்து இறங்கவே இல்லை. மறுநாளிலிருந்து வீட்டிலுள்ள டப்பா மூடியெல்லாம் ஸ்டியரிங்!

அடுத்த வருஷம் அவன் பிறந்தநாள் கழிந்ததும் இவர் மெதுவாக ஆரம்பித்தார். "இருங்காட்டுக்கோட்டையில பகல்லதாம்மா நடக்குது. நீ சொல்றபடி கேக்கறேன்." சோழவரத்துக்குப் பிறகு அதே கிளப்பார் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாக ஒரு பந்தயப் பாதை அமைத்து 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பங்களூர் நெடுஞ்சாலையில் எத்தனையோ தரம் காஞ்சிபுரம் போயிருக்கிறோம், அவ்வளவு பக்கத்தில் அது இருப்பது எனக்குத் தெரியாது.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, சரியான காது மூடி இல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. இன்னொன்று, பிள்ளை "போதும்" என்று சொன்ன நிமிஷம் கிளம்பிவிட வேண்டும், யார் ஜெயிக்கிற நேரமாக இருந்தாலும். இரண்டுக்கும் தலையாட்டினார்.

காது மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறோம். கடையில் 'குழந்தைகளுக்கான இயர் மஃப்' என்று கேட்க வேண்டும். பாட்டுக் கேட்கிற ஹெட்போன் பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் அது சத்தத்தைத் தடுக்கச் செய்ததல்ல. நல்ல மூடியின் பெட்டிமேல் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று 22, 25 என்பதுபோல் ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் இல்லாததை நான் வாங்கவில்லை. 800 ரூபாய் ஆயிற்று. "ஒரு நாள் கூத்துக்கா?" என்று மாமியார் கேட்டார். ஒரு நாள் கூத்தாக அது முடியவில்லை, பின்னால் சொல்கிறேன்.

மூடி காது மடல் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்டு, சுற்றிலும் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். இடையில் முடிக்கற்றையோ, கண்ணாடிக் கம்பியோ, தொப்பியின் ஓரமோ மாட்டிக்கொண்டால் அந்தச் சந்து வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். பெண் குழந்தைகளாக இருந்தால் ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள். வெயிலுக்குத் தொப்பி போடுவதானால் மூடியை மாட்டியபின் அதன் மேலே போட வேண்டும். அடைப்பான்போல் காதுக்குள் செருகும் நுரைக்குச்சி சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு அது போதும். விரலில் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, உப்பி நிரம்பும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நுனியில் ஒட்டவைத்தால் பிரயோசனம் இல்லை. பெரியவள்தான் இதை எனக்கும் இவருக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

போகும் அன்று முதல்முறையாக மாட்டினால் எந்தப் பிள்ளையும் கழற்றி எறியும். அதனால் ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்கினேன். சட்னி அரைக்க மிக்ஸி போடும்போதெல்லாம் "டேய், ரேஸ் ஆரம்பிக்கப் போகுது!" என்பேன். ஓடிவந்து மாட்டிக்கொள்வான். மிக்ஸி நிற்கும்வரை கழற்றக்கூடாது என்பது சட்டம். "என்னடா இது, காதுல ரெண்டு இட்லி?" என்று மாமியார் கேட்டதிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் பெயரே 'இட்லி' என்றாகிவிட்டது.

2025-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பழைய ஆல்டோவில் கிளம்பினோம். பெரியவள், "நான் புக் படிக்கத்தான் வரேன்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். சின்னவன் இடது கையில் என் போன் நம்பரைப் பேனாவால் பெரிதாக எழுதிவிட்டேன். கூட்டத்தில் தொலைந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா பெயரே மறந்துபோகும். பளிச்சென்ற மஞ்சள் சட்டை. தயிர் சாதம் வெயிலில் புளித்துப்போகும் என்பதால் புளியோதரை. உப்பு போட்ட மோர், வீட்டுத் தண்ணீர், ஈரத்துண்டு, ஒரு குடை. தாகம் எடுத்தபின் கொடுப்பதைவிட, வாய் வாயாக அடிக்கடி கொடுப்பது நல்லது. விளையாட்டில் மெய்மறந்த பிள்ளை தண்ணீர் கேட்காது.

இவர் பழக்கதோஷத்தில் வேலிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே, பின்வரிசையில், கூரை நிழலில் இடம் பிடித்தேன். தூரத்துக்குப் போகப் போகச் சத்தம் குறைகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 1955-ல் பிரான்சு தேசத்தில் லே மான் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று மோதிச் சிதறிப் பார்வையாளர் கூட்டத்தில் வந்து விழுந்து, 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் பாதுகாப்பு ஏற்பாடுகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் பிள்ளையோடு போகிறவள் பின்வரிசையில் உட்கார்ந்தால் யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

முதல் பந்தயம் ஆரம்பிக்கும் முன் வண்டிகள் மெதுவாக ஒரு சுற்று வந்தன. டயர் சூடேறினால்தான் தரையைக் கவ்வுமாம். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகுமோ அதே கதை என்று நான் புரிந்துகொண்டேன். பிறகு வரிசையாக வந்து நின்றன. சிவப்பு விளக்குகள் எரிந்து அணைந்தன. அப்புறம் ஒரு சத்தம் பாருங்கள்! காதை எவ்வளவு மூடினால்தான் என்ன, மார்புக்குள் உரல் இடிப்பதுபோல் உடம்புக்குள்ளேயே அதிர்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மிக்ஸி அதிர்வது வேறு, இது வேறு. சின்னவன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு நடுங்கியது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் உடனே எழுந்துவிட்டார். பையைக்கூட எடுத்துவிட்டார். மனிதரைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் சின்னவன் தலையைத் தூக்கி, "இன்னும் ஒரு ரவுண்டு" என்று விரலைக் காட்டினான். ஒரு ரவுண்டு போனது. மறுபடி ஒரு விரல். நாலாவது ரவுண்டில் மடியைவிட்டு இறங்கி நின்றுகொண்டான்.

ஆனால் அவனைப் பிடித்து வைத்தது கார் அல்ல, கொடி. ஆரஞ்சு நிற உடுப்பில் திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கிறார்களே, மார்ஷல் என்கிறார்கள், அவர்கள் காட்டும் கொடிகள். பச்சை என்றால் பாதை சுத்தம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரும் யாரையும் முந்தக்கூடாது. நீலம் காட்டினால், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. சிவப்பு என்றால் பந்தயமே நிற்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிவுக்கு. பெரியவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க, இவன் தூரத்திலிருந்தே "மஞ்சள்! மஞ்சள்!" என்று கத்துகிறான்.

இவர் சொன்னதில் எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. ஒற்றை ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற அந்த மெலிந்த வண்டிகளில் ஒரு வகை கோயம்புத்தூரில் செய்ததாம். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்று பெயர். உள்ளே இருப்பது நம் தெருவில் ஓடிய மாருதி எஸ்டீம் காரின் எஞ்சின்! இதற்கெல்லாம் முன்னோடி கோவைக்காரரான கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று அவர் உருவாக்கிய வண்டிகளில்தான் நம் பிள்ளைகள் பலர் பழகினார்கள். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரர்தானே. சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ஆல்டோ ஏன்ப்பா இப்படிப் போக மாட்டேங்குது?" என்றான். "அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கா இல்ல?" என்றார் இவர்.

மத்தியானத்துக்குச் சற்று முன் எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு இளம் தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் எட்டு மாதக் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. காதில் ஒன்றும் இல்லை. அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் மூக்கை நுழைக்கலாமா என்று எனக்குத் தயக்கம். பத்து வருஷத்துக்கு முன் யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருப்பேனோ என்றும் நினைத்துப் பார்த்தேன். கோபித்தாலும் பரவாயில்லை என்று எழுந்து போனேன்.

"ஏம்மா, பாப்பாவுக்குக் காது மூடி கொண்டு வரலையா?"

"இல்லைக்கா. பாருங்க, நல்லாத் தூங்கறான். சத்தம் அவனை ஒண்ணும் பண்ணலை" என்றாள் சிரித்துக்கொண்டே.

கண்ணுக்கு இமை இருக்கிறது, தூங்கினால் மூடிக்கொள்ளும். காதுக்கு அப்படி இமை இல்லையே. தூங்கினாலும் சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், அந்த மெல்லிய இழைகளை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். மூளை அசந்துவிட்டது, காது அசரவில்லை. இதை அவளிடம் சொல்லிவிட்டுப் பெரியவள் கதையையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எங்களிடம் உபரியாக மூடி இல்லை. இருந்தாலும் கைக்குழந்தையின் தலைக்குப் பொருந்தாது. கணவரிடம் ஏதோ சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே, பாதையைவிட்டு வெகுதூரம் தள்ளி ஒரு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நல்லவேளை, காருக்குள் போய் உட்காரவில்லை. வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும். பிள்ளையைத் தனியாக விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பெண் போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமா, நன்றியா, எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு சத்தம் ஆகாது என்று கேட்பீர்கள். பட்டறையில் வேலை செய்கிற பெரியவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி. இப்படியே போனால் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம்! ரேஸ் வண்டிகள் பக்கத்தில் போகும்போது சத்தம் 100-ஐச் சுலபமாகத் தாண்டும். பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைகளுக்கு இன்னும் குறைத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கருவி ஒன்றும் கையில் இல்லையென்றால், கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கத்த வேண்டியிருந்தால் அது காதுக்கு ஆகாத சத்தம். மூடி போட்டிருந்தாலும் நான் நாள் முழுக்க உட்கார வைக்கவில்லை. ஒரு பந்தயம் முடிந்ததும் பாதையைவிட்டுத் தள்ளிப் போய், மூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்து, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பந்தயத்தில்தான் அது நடந்தது. திருப்பத்தில் ஒரு வண்டி இன்னொன்றின்மேல் உரசி, பம்பரம்போல் சுற்றி, பாதையைவிட்டு வெளியே போய் டயர் அடுக்கில் இடித்து நின்றது. மஞ்சள் கொடி. உடனே சிவப்பு. எல்லா வண்டியும் அடங்க, ஆம்புலன்ஸ் ஓடியது. அத்தனை நேரச் சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த நிசப்தம் இருக்கிறதே, அதுதான் எனக்கு அன்றைக்குக் கேட்ட மிகப் பெரிய சத்தம்.

சின்னவன் இட்லியைத் தானே கழற்றிவிட்டு, "அம்மா, அந்த மாமா செத்துட்டாரா?" என்றான்.

"இல்லை" என்று பொய் சொல்வதா, "தெரியலை" என்று நிஜத்தைச் சொல்வதா? எனக்கு வாய் வரவில்லை. பெரியவள்தான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "தெரியலைடா, பார்க்கலாம். டாக்டர் போயிட்டார் பார்" என்றாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்தப் பையன் தானாக வண்டியிலிருந்து வெளியே வந்து, ஹெல்மெட்டோடு கையைத் தூக்கி ஆட்டினான். கூட்டம் முழுக்கக் கைதட்டியது. சின்னவனும் தட்டினான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பது எனக்கு நினைவில் இருந்தது. இதே பாதையில் 2023 ஆகஸ்டில் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பதின்மூன்றே வயதுப் பையன் விழுந்து உயிர் போயிற்று. அன்று செய்தித்தாளில் படித்தபோது அந்தத் தாயை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷம் ஜனவரியிலும் அனுபவம் மிக்க ஒரு கார் பந்தய வீரர் அங்கே விபத்தில் இறந்தார். இவரிடம் இதைச் சொன்னால், "ரோட்டுல போற வண்டியில விபத்து இல்லையா?" என்பார். இருக்கிறது. அதற்காகவே சாலையில் நான் இவர் முதுகைக் கிள்ளிக்கொண்டே போகிறேன்.

மூன்று மணிக்குச் சின்னவன் "போதும்" என்றான். இன்னும் ஒரு பந்தயம் பாக்கி, அதுதான் அன்றைக்கு முக்கியமான பந்தயம் என்று இவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்டி, டாக்டரம்மா முன்பு சொல்லிக் கொடுத்த ஒன்றைச் செய்து பார்த்தேன். பிள்ளைக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, ரகசியக் குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். "பால்." "பால்." "கிளி." "கிளி." "சைக்கிள்." "சைக்கிள் எப்ப வாங்கித் தருவீங்க?" இரண்டு காதும் பழுதில்லை. தேனீ, வண்டு எதுவும் இல்லை என்றான். இது வீட்டு வைத்தியம் மாதிரி ஒரு சோதனைதான். பிள்ளை காது அடைக்கிறது என்றோ, இரைகிறது என்றோ சொன்னால், டி.வி. சத்தத்தை ஏற்றினால், காது டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற வேலை வேண்டாம்.

அந்த 800 ரூபாய் இட்லி அதற்குப் பிறகு தீபாவளிக்கு உதவிற்று. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் பட்டாசு கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பக்கத்து மாடிப் பையன்களுக்கு அது தெரியாது. தை மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அங்கேயும் சின்னவன் இட்லியோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டான். உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மாமியார்தான் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "சின்னப் பிள்ளை காதுக்கு இந்தச் சத்தம் ஆகாது. உங்க பேத்தியைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைங்க" என்று எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார்.

கொடி விளையாட்டும் நின்றபாடில்லை. சமையலறைத் துண்டுகளில் மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, என் பழைய பச்சை ரவிக்கைத் துணி ஒன்று அவன் வசம். பாட்டி குழம்புச் சட்டியோடு வரும்போது மஞ்சள் காட்டுகிறான், அப்போது யாரும் குறுக்கே போகக்கூடாது. இவரும் நானும் சண்டை போட்டால் சிவப்பு.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கோ-கார்ட் என்று சின்ன வண்டி இருக்கிறதாம், பெரிய ரேஸ்காரர்கள் பலர் சிறு வயதில் அதில்தான் ஆரம்பித்தார்களாம். இவர் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து, "ஏழு, எட்டு வயசானா ஓட்டலாமாம்" என்று இட்லிக்குச் சட்னி போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறார். பெரியவள், "அவன் ஓட்டினா நானும் ஓட்டுவேன். அலிஷா அப்துல்லா நம்ம சென்னைதானே, பைக்கும் ஓட்டியிருக்காங்க, காரும் ஓட்டியிருக்காங்க" என்கிறாள். அந்தப் பதின்மூன்று வயதுப் பையனை நான் வாயால் சொல்லவில்லை. இவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும், சட்னிக் கரண்டியை வைத்துவிட்டார்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சின்னவன் மட்டும் தினம் காலையில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, "ஏழு வயசுக்கு இன்னும் எத்தனை தாள்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.